சவாசனம் சரி, மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மூச்சுப் பயிற்சி, சவாசனம் (அசையாமல் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்துவது) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிவரைக்கும் நன்றாகத்தான் போனது. தினமும் அரை மணி நேரம் செய்தால் பி.பி. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற வரி வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். ஏனென்றால் அதே பேச்சை நம்பி ஒருமுறை மாத்திரையைத் தூக்கிப் போட்டவன் நான்.

முப்பத்திரண்டு வருடம் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஜூலை கடைசியில் ரிட்டர்ன், செப்டம்பர் கடைசியில் டாக்ஸ் ஆடிட், நடுவில் டீயும் மிக்சரும்தான் சாப்பாடு. அந்த நாட்களில் எங்கள் ரத்தத்தில் என்ன நடந்திருக்கும் என்பது, ரிட்டயர் ஆனபிறகு ஒரு பழைய அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. சான் பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் 1958-ல் வெளியிட்டது. எங்களைப் போலவே கணக்கு எழுதுகிற 40 பேரை ஜனவரியிலிருந்து ஜூன்வரை விடாமல் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அங்கே வருமான வரிக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. அந்தத் தேதி நெருங்க நெருங்க வரி வேலை பார்த்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியது, ரத்தமும் சீக்கிரம் உறைய ஆரம்பித்தது. சாப்பாட்டிலோ எடையிலோ அதற்குக் காரணம் இல்லை. தேதி தாண்டியதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பின.

கவலைக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்? உடம்புக்கு வரி கட்டும் தேதியெல்லாம் தெரியாது, அதற்குத் தெரிந்தது நாயோ நரியோ துரத்துவதுதான். உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. கடிபட்டால் ரத்தம் கொட்டிப் போகக்கூடாதே என்று ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன, ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குழாயை விட்டு வெளியேறி மீதி ரத்தம் கெட்டியாகிறது. ஹார்வர்டில் வால்டர் கேனன் 1914-லேயே பூனைகளுக்கு அட்ரினலின் செலுத்தி, ரத்தம் சீக்கிரம் உறைவதைக் காட்டியிருக்கிறார். நாய் துரத்தும்போது இதெல்லாம் உயிரைக் காப்பாற்றும். நாள் பூரா உட்கார்ந்து வவுச்சர் பார்க்கிறவனுக்கு, அதுவும் இதயக் குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்தவனுக்கு, இதே ஏற்பாடுதான் எமன்.

ஆகவே உடம்பைத் தளர்த்துவது வெறும் மன ஆறுதல் என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். சவாசனத்தை ரத்த அழுத்தத்துக்கு முதன்முதலில் முறையாகச் சோதித்தவர்களில் நம் நாட்டு டாக்டரே இருக்கிறார்: மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் கே.கே. தாதே. 1969-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 47 நோயாளிகள் சவாசனம் செய்தார்கள், பலருக்கு அழுத்தம் இறங்கியது, மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. அப்புறம் இங்கிலாந்தில் சந்திரா படேல் என்ற டாக்டர் 1973-ல் 20 பேருக்கு யோக முறைத் தளர்வைக் கற்றுக்கொடுத்தார். ஐந்து பேருக்கு மாத்திரையை முழுக்க நிறுத்த முடிந்தது, ஏழு பேருக்குக் குறைக்க முடிந்தது, நான்கு பேருக்கு மாத்திரையோடு சேர்ந்து கட்டுப்பாடு நன்றாக வந்தது, மீதி நான்கு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கட்டுரையாளர் அந்த ஐந்து பேரை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருப்பார் போல.

படேலின் அடுத்த ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பி.பி.யை அடிக்கடி அளந்தாலே பயம் தெளிந்து கொஞ்சம் இறங்குமே, அது பயிற்சியின் பலன் ஆகுமா என்று யாரும் கேட்பார்கள். 1975-ல் அவர் 34 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஆறு வாரம் முறையாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு 168/100 என்பது 141/84 ஆனது. சும்மா ஓய்வாக மட்டும் இருந்தவர்களுக்கும் இறங்கியது, ஆனால் 169/101-லிருந்து 160/96 வரைக்கும்தான். பிறகு ஓய்வாக இருந்த இவர்களுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்தபோது, முதலில் கற்றுக்கொண்டவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. இவ்வளவு பெரிய இறக்கம் எல்லோருக்கும் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். இந்த மாதிரி 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ம் வருட காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பில் மேல் அளவு சராசரியாக ஐந்தாறு புள்ளிதான் குறைந்தது, அதிலும் பல ஆய்வுகள் சரியாக நடத்தப்படவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள்.

மூச்சைப் பற்றி ஒன்று. இத்தாலியில் பெர்னார்டி என்பவர் குழு 2001-ல் 23 பேரை ஜெபமாலை சொல்லவைத்தும், திபெத்திய மந்திரம் சொல்லவைத்தும் அளந்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்கு வந்து நின்றது. ரத்த அழுத்தமே பத்து விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கும், மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்தால் அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்புகள் சுறுசுறுப்பாகின்றன. எந்தச் சாமி என்பது இதயத்துக்கு முக்கியமில்லை போலிருக்கிறது.

சரி, என் கதை. பி.பி. 164/102 என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வருடம், ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் 134/84. ஆசிரியர் முதுகில் தட்டி, இனி ரசாயனம் எதற்கு என்றார். நிறுத்தினேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (பி.பி.யின் சூழ்ச்சியே அதுதான், சத்தம் போடாது). ஐந்தாவது வாரம் மகள் கட்டாயப்படுத்தி அளந்தபோது 188/110. டாக்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் அவரே சவாசனத்தை விடாதீர்கள் என்றும் சொன்னார். இப்போது மாத்திரையும் உண்டு, காலையில் பாயில் இருபது நிமிடமும் உண்டு. அதில் பாதி நேரம் குறட்டை என்று மனைவி சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. போன வருடம் டாக்டரே பார்த்து மாத்திரை அளவைப் பாதியாகக் குறைத்தார். குறைக்க வேண்டியவர் அவர்தான்.

அதனால் அடுத்த முறை இந்த விஷயத்தைப் போடும்போது, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்ற வரியைக் கட்டுரையின் நடுவிலேயே, கண்ணில் படும்படி போடுங்கள்.

அரசுக்கும் ஒரு யோசனை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர்களுக்குச் சவாசனத்தையும் மெதுவாக மூச்சு விடுவதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், மாத்திரையோடு அதுவும் வீடு வந்து சேரும். எங்கள் தெருவுக்கு வரும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எனக்கே பிரஷர் இருக்குதுங்க, யாராச்சும் சொல்லிக்குடுத்தா மொதல்ல நான் பண்ணிப் பார்ப்பனுங்க" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆடிட்டர் அலுவலக ஊழியர்,
ஈரோடு