கதவில் எழுதி வையுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். வரலாற்றுச் சின்னங்களின் கதவுக்கும் பூட்டுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிய விஷயம் உங்கள் மேசைக்கு வந்தாகிவிட்டது. அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. எந்தச் சின்னம் என்றும் எழுதவில்லை. பெயரைப் போட்டால் மெமோ மேல்நோக்கிப் போகாது, கீழ்நோக்கித்தான் இறங்கும். ஒற்றை ஆளாக மூன்று இடங்களைப் பார்த்துக்கொள்கிற அந்தக் காவலர் தலையில் போய் விழும். அவர்மேல் யாருக்கும் குறை இல்லை.

கேட்பது ஒன்றுதான். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எத்தனை மணிக்கு மூடுவீர்கள், வார விடுமுறை எந்தக் கிழமை, பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கும்? இந்த நான்கையும் கதவில் தமிழில் எழுதி வையுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு திறந்த மடலா என்று கேட்கலாம். 42 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு வாடகை பஸ். இப்படி ஒரு பயணம் கிளம்புவதற்கு முன் என்னென்ன நடக்க வேண்டும் என்பது அலுவலக நாற்காலியிலிருந்து தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புதல் கையெழுத்து, தலைமையாசிரியர் கடிதம், பஸ்ஸுக்கு முன்பணம், தண்ணீர் கேன், வாந்தி எடுப்பவர்களுக்குக் கவர், முதலுதவிப் பெட்டி. மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாக்கள் அதற்கும் முன்னால் எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். 10 மணிக்குக் கதவடிக்கு வந்தார்கள். பூட்டு தொங்கியது. பெட்டிக்கடையில் கேட்டால் "இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு" என்றார்கள். 11 மணிக்குக் கேட்டபோதும் அதே டீதான்.

நிழல் இல்லை. பஸ்ஸை அங்கே நிறுத்தக் கூடாது என்று போக்குவரத்துக் காவலர் விரட்ட, அது சுற்றிச் சுற்றி வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கழிப்பறை பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தது. வெளியே வேறு இல்லை. 23 பெண் பிள்ளைகளை ஐந்தைந்து பேராக எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய், அங்கிருந்த அம்மாவிடம் ஆசிரியை கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை, குடத்துத் தண்ணீரில் பாதியை அவர்களே எடுத்து ஊற்றினார்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று எண்ணிக் குடம் நிரப்புகிற தெரு அது. 11.45க்கு பஸ் திரும்பியது. கதவில் "நாளை விடுமுறை" என்று இரண்டு சொல் இருந்திருந்தால், முதல் நாளே போய்ப் பார்த்த பள்ளி ஊழியர் பயண நாளை மாற்றியிருப்பார்.

கதவில் எதுவுமே எழுதவில்லை என்றால் பொய் சொன்னதாகிவிடும். நீல எனாமல் பலகை இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம், சேதப்படுத்தினால் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று மிரட்டுகிறது. 2010இல் சட்டத்தைத் திருத்தி இரண்டு ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய் என்று ஆக்கியாயிற்று. பலகைக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. எப்படியோ, கதவை உடைத்தால் என்ன ஆகும் என்று நாட்டுக்கே தெரியப்படுத்தியிருக்கிறீர்கள். கதவு எப்போது திறக்கும் என்பதுதான் ரகசியம்.

சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நினைவுக்கு வருகிறது. பழங்காலச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் போக மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. அதன்கீழ் வந்த 1959ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவு. அட்டவணையில் தனி நேரம் குறிக்காத சின்னங்கள், உள்ளே போகத் தனிக் கட்டுப்பாடு இல்லாதவரை, சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை திறந்திருக்க வேண்டும். இடையில் தற்காலிகமாக மூட வேண்டுமானால், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அறிவிப்பு வைத்து, எத்தனை காலம் என்றும் சொல்லி மூட வேண்டும். டீ குடிக்கப் போவதற்கு விதியில் இடமில்லை என்று வாதாட வரவில்லை. மனிதர் டீ குடிக்கத்தான் வேண்டும். ஒரு சிலேட்டில் "11.15க்கு வருவேன்" என்று எழுதி மாட்டிவிட்டுப் போகட்டும், போதும். மாநிலப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சட்டம் எதுவானாலும் கதவு ஒன்றுதானே?

விடுமுறையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் அதற்கேற்ப நாளைப் பிரித்துக்கொள்கிறார்கள், சண்டை இல்லை. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். இங்கே கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை என்பதால், விவரம் தெரிந்த பள்ளிகள் வெள்ளிக்கிழமை பஸ் பேசுவதில்லை. கிரகணத்துக்கு நடை சாத்துவதைக் கோயில்கள் முன்கூட்டியே பேப்பரில் போடுகின்றன. உயர் நீதிமன்ற வளாகத்தில் ஆண்டுக்கு ஒருநாள் எல்லாக் கதவுகளையும் மூடுகிற பழைய வழக்கம் உண்டு. உள்ளே புகுந்து போகிற வழியைப் பொதுமக்கள் நிரந்தர உரிமையாகக் கொண்டாடக் கூடாது என்பதற்காக மூடுகிறார்கள். அதைக்கூட முதலிலேயே அறிவித்துவிட்டுத்தான் செய்கிறார்கள்.

வடசென்னையில் ஒரு நாள் சுற்றினால் இந்த நேரக்கணக்கு எப்படிச் சிக்குகிறது என்று பாருங்கள். காலையில் திருவொற்றியூர். தேரடி மெட்ரோவில் இறங்கி நடந்தால் தியாகராஜ சுவாமி கோயில். யானையின் முதுகுபோல் வளைந்த ஆதிபுரீசுவரர் கருவறையைச் சுற்றிவரச் செய்து, சுவரில் உள்ள சோழர் கல்வெட்டுகளைக் காட்டிவிட்டு, மதியம் நடை சாத்துவதற்குள் வெளியே வந்தாக வேண்டும். விட்டால் மாலைதான். அடுத்தது பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டதற்குப் பிறகு கறுப்பர் நகரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றி எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டு அதுதான். மதில் செலவுக்கு வரி போட நினைத்ததில் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. பிறகு ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அங்கே கையில் பயணச்சீட்டோ 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட்டோ இல்லாமல் நிற்கக் கூடாது, பிளாட்பார டிக்கெட்டுக்கும் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. கடைசியாக ஆர்மேனியன் தெருவில் 1772இன் தேவாலயம். போகிற வழியில் பாரிமுனை டேர் ஹவுஸ் மூலையில் 1773இன் எல்லைத்தூண் ஒன்று நிற்கிறது. ஆறு நட்டதில் மிஞ்சிய ஒன்று. அதற்குக் கதவு கிடையாது, அதனால் நிம்மதி.

இதில் ஒரே ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம் கதவுக்கு வெளியே போனால் மற்ற எல்லாம் சரிந்துவிடும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறை மாதிரி ஊருக்கு வெளியே உள்ள இடமென்றால் கேட்கவே வேண்டாம். கும்மிடிப்பூண்டி லைனில் பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கலாம் என்று வருகிறவருக்கு நேரம் தெரியாவிட்டால் போவதும் வருவதுமாக ஒரு நாள் கூலி போச்சு. காசு எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. மத்தியச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே வேண்டாம். மாமல்லபுரத்தில் 40 ரூபாய் டிக்கெட் ஒன்றிலேயே கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்த்துவிடலாம். அந்த நல்ல ஏற்பாடெல்லாம் கதவு திறந்த பிறகுதானே உதவும்.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கமிட்டி போட்டால் ஆறு மாதம் ஆகும். கடலுக்குப் பக்கத்தில் இரும்புத் தகடு வேண்டாம். உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் ஓரம் உரிந்து எழுத்தைத் தின்றுவிடும். அலுமினியத் தகடு போடுங்கள். அதற்கு இரும்புத் திருகு போட்டால் திருகைச் சுற்றியே அரித்து ஓட்டை விழும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு, நடுவில் பிளாஸ்டிக் வாஷர். பிரிண்ட் எடுத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் நம் வெயிலில் முதலில் சிவப்பை இழக்கும், பிறகு மூலையில் கிளம்பும், பிறகு யாராவது பிய்த்துவிடுவார்கள். பெயின்டில் எழுதச் சொல்லுங்கள். தெருவுக்கு நாலு ஆர்ட்டிஸ்ட் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை ஆகும். எழுத்து 4 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றே படிக்கலாம்.

சின்னத்தின் சுவரில் தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். இரும்பு ஆணி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுண்ணாம்புக் காரை பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். பிறகு அதை யாராவது சிமென்ட் வைத்துப் பூசுவார்கள். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். பலகையை இரும்புக் கதவிலோ தனிக் கம்பத்திலோ மாட்டுங்கள்.

தொலைபேசி எண் ஆளுடையதாக இருக்கக் கூடாது, பணியுடையதாக இருக்க வேண்டும். காவலர் மாற்றலாகிப் போனால் சிம் கார்டு அடுத்தவர் கைக்குப் போகட்டும். இல்லையென்றால் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொந்த ஊரில் இருந்துகொண்டு "அங்க இப்ப யாருன்னு தெரியலையே தம்பி" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். க்யூஆர் கோடு வைத்தால் கூடுதலாக வையுங்கள், அதை மட்டும் வைக்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் போன் இல்லை, பாட்டியிடம் இருப்பது பட்டன் போன்.

சாவிக்கு மூன்று பிரதி எடுங்கள். ஒன்று காவலரிடம், ஒன்று அலுவலகத்தில், ஒன்று நடந்து போகிற தூரத்தில் உள்ள இன்னொரு அரசு அலுவலகத்தில், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும்படி. பித்தளைப் பூட்டு வாங்குங்கள். பூட்டு மக்கர் செய்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் முனையைப் பொடித்துப் போட்டால் நன்றாகத் திறக்கும்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். தெரியும். நாடாளுமன்ற நிலைக்குழு 2022 டிசம்பரில் தாக்கல் செய்த அறிக்கையிலேயே இருக்கிறது. மத்தியப் பட்டியலில் இருந்த 3,693 சின்னங்களில் காவலர்கள் போடப்பட்டிருந்தது 248 இடங்களில். தேவை 7,000 பேர், இருந்தது 2,578 பேர். அதே அறிக்கையில் 50 சின்னங்களைக் காணவில்லை என்றும் வருகிறது. 14ஐ நகரம் விழுங்கிவிட்டது, 12 அணை நீருக்குள் போய்விட்டன, மிச்சம் 24 எங்கே என்றே தெரியவில்லையாம். ஒரு சின்னமே காணாமல் போகிற நாட்டில் சாவியைத் தேடி நிற்கிறோமே என்று எங்களுக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் ஆள் இல்லாத இடத்துக்குத்தான் பலகை முதலில் தேவை. ஆள் இருந்தால் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆள்தான் இல்லை, விழாவுக்குக் குறைவில்லை. நவம்பர் 19 உலக மரபு வாரம் தொடங்குகிறது என்றால் முதல் நாள் ராத்திரியே புல் வெட்டி, கோலம் போட்டு, சாமியானா கட்டி, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து முடிந்துவிடும். 26ஆம் தேதி பழைய பூட்டு. பேசின் பிரிட்ஜைத் தாண்டி டூரிஸ்ட் வண்டி வருவதில்லை என்பதால் இந்தப் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியமோ என்னவோ. அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் தாராளமாக வருகிற வடசென்னைக்கு, மரபு என்ற சொல் மட்டும் மயிலாப்பூரோடு நின்றுவிடுகிறது.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போய்விட்டது. அனல்மின் நிலையம் உங்கள் துறை இல்லை. கதவு உங்கள் துறை.

எனவே பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், சாவி இருக்கும் இடம். ஒரு விழாவின் சால்வைச் செலவில் ஒரு வட்டாரத்துக்கே பலகை போட்டுவிடலாம். முதலில் கழிப்பறை உள்ளே இருக்கிற சின்னங்களில் இருந்து தொடங்கினால் நல்லது. அந்தப் பள்ளி ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் மறுபடி ஒருமுறை முயன்று பார்க்கப்போகிறது. பஸ்ஸுக்குப் பிள்ளைகள் மறுபடி காசு சேர்க்கிறார்கள்.

இந்த மடலுக்குப் பதில் அனுப்பத் தேவையில்லை. கதவில் எழுதி வையுங்கள், வந்து படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் மரபு நடை நடத்துவோர்