மூலிகை வேரைக் கலனில் வளர்க்கக் கோவையில் ஒரு பொதுக்கூடம் வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் மாநில மருத்துவத் தாவர வாரியத்துக்கும்,

வணக்கம். செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத குடுவையில் வளர்க்கும் திசுவளர்ப்பு கொங்குப் பகுதிக்குப் புதிதல்ல. திசு வாழைக் கன்றை இங்கே எல்லாரும் அறிவார்கள். அந்தக் கூடங்களில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேசையும் மூலிகை வேர் வளர்க்கவும் போதும். இல்லாதது அடுத்த கட்டம்: குடுவையில் வளர்ந்த வேரை 5 லிட்டர், 20 லிட்டர் கலனுக்கு (பயோரியாக்டர்) ஏற்றவும், அதில் மருந்துச்சத்து எவ்வளவு என்று அளக்கவும் ஒரு பொதுக்கூடம்.

எல்லா மூலிகையையும் கலனில் ஏற்ற வேண்டியதில்லை. சேலத்து மருந்துக்கூர்க்கனும் மூலனூர், தாராபுரம் காடுகளில் விதைக்காக விளையும் கண்வலியும் உழவர் கையிலேயே இருக்கட்டும். நித்தியகல்யாணி தரும் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் வேரில் வராது. அதற்கு வேண்டிய விண்டோலின் பச்சை இலையில்தான் உருவாகிறது. மாகாளிக்கும் இது வேண்டாம். ஊறுகாய்க்குக் கிழங்கேதான் வேண்டும். அது வளரும் கொல்லிமலைக்குத் தேவை நாற்று. வேரில் சத்து சேர்ந்து, வேரைத் தோண்டினால் செடியே போய்விடும் இனங்கள்தாம் ஏற்றவை: பிளம்பாஜின் தரும் செங்கொடிவேலி, ரெசர்பின் தரும் சர்ப்பகந்தி.

வழி இரண்டு. முதலாவது மயிர்வேர்: இலைத்துண்டில் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவை ஏற்றினால் அதன் ரோல் மரபணுக்கள் செடியின் செல்லில் சேர்ந்து, ஹார்மோன் இல்லாமலே மயிர்வேர் அடர்ந்து வரும். இரண்டு நாள் கழித்து லிட்டருக்கு 500 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டு பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில், செடிக்குள் சேர்ந்த ரோல்-பி மரபணு தெரிந்து, பாக்டீரியாவில் மட்டுமே இருக்கும் விர்-டி தெரியாமல் இருந்தால்தான் வேர் சுத்தம். வேகமான வழிதான், ஆனால் அது மரபணு மாற்றிய வேர். மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பு வேண்டும். சித்த மருந்துக்குப் போகும் வேரை அப்படி வளர்க்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பொதுக்கூடம் இரண்டாவது வழியான வேற்றிட வேரில் (மரபணு மாற்றாமல், ஹார்மோன் கொடுத்துச் செடித்துண்டில் வரவைக்கும் வேர்) தொடங்கட்டும். கொரியாவில் ஜின்செங் என்ற மூலிகையை 10,000 லிட்டர் கலன்வரை கொண்டுபோனதும் வேற்றிட வேராகத்தான்.

வேற்றிட வேருக்கான முறை இது: பாதி வலு எம்.எஸ். ஊடகம் (திசுவளர்ப்புக்கான சத்துக் கரைசல்), லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, செடிக்கேற்ப 0.5 முதல் 1 மில்லிகிராம் ஐ.பி.ஏ. (வேரைத் தூண்டும் ஹார்மோன்), அமிலத்தன்மை அளவான பி.எச். 5.8. 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. ஊடகம், அரை கிராம் பச்சை வேர். 25 டிகிரியில், இருட்டில், நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் குலுக்க வேண்டும். நான்கைந்து வாரத்தில் எடுக்கலாம். தொடக்கத் துண்டைக் கண்ணாடிக் குழாயில் முளைத்த நாற்றிலிருந்தே எடுக்க வேண்டும். நிலத்தில் பிடுங்கிய வேரை எவ்வளவு கழுவினாலும் உள்ளே வாழும் பாக்டீரியா போகாது. ஊடகம் கலங்கிய பிறகுதான் தெரியும்.

குடுவையில் செழித்த வேர் கலனில் சாவதற்குப் பெரும்பாலும் காற்றுக்குறையே காரணம். வேர் பின்னிப் பந்தாகும். வெளியே வெள்ளையாக இருக்கும். பிட்டுப் பார்த்தால் நடுவில் பழுப்பேறிக் கொழகொழத்திருக்கும். துடுப்பு வைத்துக் கலக்கினால் வேர் அறுபடும். அடியிலிருந்து நுண்குமிழியாகக் காற்று விடும் கலனே சரி: 4 லிட்டர் ஊடகத்துக்கு நிமிடத்துக்கு 0.4 லிட்டர், 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாக. மின்சாரம் நின்றாலும் காற்று நிற்கக் கூடாது, யு.பி.எஸ். இல்லாமல் கலன் வாங்கவே வேண்டாம். வெளிநாட்டுக் கலனும் தேவையில்லை. பம்ப் செய்யும் கோவைப் பட்டறைகள் 316 எவர்சில்வரில் செய்து தர முடியும். உட்புற வெல்டிங்கை மட்டும் வழவழவென்று தேய்க்கச் சொல்லுங்கள். வெல்டிங் குழியில் தங்கும் சர்க்கரையில்தான் பூஞ்சை பிடிக்கும்.

கடைசி வாரத்தில் 100 மைக்ரோமோலார் மீத்தைல் ஜாஸ்மோனேட் (செடியின் தற்காப்பைத் தூண்டும் பொருள்) சேர்த்தால் பல செடிகளில் சத்து கூடும். முன்கூட்டியே சேர்த்தால் வளர்ச்சி தடைபடும். வேரைத் துண்டாக்கிப் புது ஊடகத்துக்குத் திரும்பத் திரும்ப மாற்றும் மறுவளர்ப்புகளில் சத்து இறங்கவும் செய்யும். அளக்காமல் இவை தெரியாது. ஆகவே சத்தைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் கூடத்திலேயே இருக்க வேண்டும்.

லிட்டருக்குக் காய்ந்த வேர் 10 கிராம் வந்தாலே நல்ல விளைச்சல். 20 லிட்டர் கலன் நிறைந்தாலும் ஒரு சுற்றுக்கு 200 கிராம்தான். மலிவான வேருக்கு இது கட்டுபடியாகாது.

முதல் ஆண்டுக்கு 5 லிட்டர் கலன் இரண்டு, 20 லிட்டர் ஒன்று போதும். மருந்து செய்வோரும் நாற்றங்கால் வைத்திருப்போரும் வாடகைக்கு எடுக்க வழி செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றின் அளவீட்டையும், கெட்டுப்போன சுற்றுகளையும் சேர்த்து, பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கொங்குப் பகுதித் திசுவளர்ப்பு, மூலிகைத் தொழிலில் உள்ளோர்