ஏழடி உயரத்தில் ஒரு முகம்

கும்பகோணம்
தை 5

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. உன்னோடு வேலை பார்க்கிற பெண் தன் அண்ணன் கல்யாணத்துக்கு சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் இருக்கிற கிராமத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று போனில் சொன்னாய். யிமெங் மலைப்பக்கம் என்றதும் எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த மலைப்பக்கத்தில் 1955-ல் பிறந்தவர் வாங் யிதோங் என்கிற ஓவியர். நம் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற சீன ஓவியப் புத்தகத்தில் சின்ன வயசில் நீ விரல் வைத்துப் பார்த்த சிவப்புச் சட்டைப் பெண் அவர் வரைந்ததுதான். பஞ்சு வைத்துத் தைத்த கல்யாணச் சட்டை, பின்னால் கருமை, அந்தப் பெண் நம்மைப் பார்க்காமல் எங்கேயோ பார்ப்பாள். பெரிய இடத்தில் ஒரே சிவப்பை எண்ணெய் வண்ணத்தில் நிரப்புவது லேசான வேலை இல்லையம்மா. கொஞ்சம் அசந்தால் தகரத்தில் அடித்த பெயிண்ட் மாதிரி தட்டையாகிவிடும். அவர் சட்டையில் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பஞ்சு இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

சரி, கல்யாணத்துக்குப் போகிறவளுக்கு முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை உடுத்திப் போகாதே, அங்கே அது துக்கத்தின் நிறம். சிவப்பும் வேண்டாம், அது மணப்பெண்ணுக்கு உரியது. நாம் மொய் என்றால் 501, 1001 என்று ஒற்றைப்படையில் வைப்போம். அங்கே சிவப்பு உறைக்குள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நாலு மட்டும் ஆகாது. அதன் ஒலி சாவு என்ற சொல்லை நினைவுபடுத்தும். கல்யாணக் கட்டிலில் இலந்தைப்பழம், நிலக்கடலை, தாமரை விதை எல்லாம் இறைத்திருந்தால் எடுத்துத் தின்றுவிடாதே. அந்தப் பெயர்களைச் சீன மொழியில் சேர்த்துச் சொன்னால் ‘சீக்கிரம் பிள்ளை பிறக்கட்டும்’ என்று காதில் விழும். ஜன்னலில் ஒட்டிய சிவப்புக் காகித வெட்டுகளை மட்டும் பக்கத்தில் போய்ப் பார். கத்திரி எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் வெட்டிய கையை உனக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் நான் சொல்ல வந்த விஷயம்.

சீனாவில் எண்ணெய் ஓவியம் வெளியிலிருந்து வந்த கலை. 1955-லிருந்து 1957 வரை மாக்சிமோவ் என்ற சோவியத் ஓவியர் பெய்ஜிங்கில் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பெரிய கான்வாஸில் நேருக்கு நேர் பார்க்கிற முகம் என்றால் அது சீனத் தலைவர் மாவோவின் முகம். விவசாயி வந்தால் கன்னம் சிவந்து சிரித்துக்கொண்டிருப்பார். 1978-ல் பிரான்சின் 19-ஆம் நூற்றாண்டு கிராமிய ஓவியங்கள் பெய்ஜிங்கில் காட்சிக்கு வந்தன. களைத்த உழவரை அப்படியே வரையலாம் என்று ஒரு தலைமுறை மாணவர்கள் கண்ணால் கண்டார்கள்.

அந்தத் தலைமுறைக்காரர் லுவோ ஜோங்லி. 1948-ல் பிறந்தவர். சிச்சுவானில் டாபா மலைப்பகுதியில் பத்து வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் சிச்சுவான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1975-ல் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி, கடுங்குளிரில் ஒரு பொதுக் கழிப்பறை ஓரமாக ஒரு நடுவயது விவசாயி அசையாமல் நிற்பதைப் பார்த்தார். மலம் வயலுக்கு உரம். அதை யாரும் எடுத்துப் போய்விடாமல் அந்த மனிதர் காவல் நின்றார், ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடுகிற ராத்திரியில். அந்த முகம் லுவோவை விடவில்லை. முதலில் காவல் நிற்பவராகவே வரைந்தார், அப்புறம் மாற்றி மாற்றி வரைந்து, 1980-ல் ‘அப்பா’ என்கிற ஓவியம் வந்தது. தேசிய இளைஞர் ஓவியக் காட்சியில் முதல் பரிசும் அதற்குத்தான்.

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. தலையில் வெள்ளைத் துண்டு. நெற்றியில் உழுத வயல் மாதிரி சுருக்கம். வெயிலில் வெந்து கறுத்த தோலில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. திறந்த வாயில் ஒற்றைப் பல். கையில் பழைய பீங்கான் கிண்ணம், நகத்துக்குள் மண். பின்னால் தானியம் காய்கிற களம் மாதிரி பொன்மஞ்சள். உயரம் ஏழடிக்கு மேல். தலைவருக்கு மட்டும் கொடுத்துவைத்திருந்த அளவை லுவோ உரத்துக்குக் காவல் நின்றவருக்குக் கொடுத்தார். எனக்கு அந்தப் படத்தில் பெரிய விஷயம் இதுதான், கயல். மயிர்க்கால் தெரிய வரைவதைப் பயிற்சியில் பிடித்துவிடலாம். யாரை எந்த அளவில் வரைவது என்று முடிவெடுக்க மனசு வேண்டும்.

காதில் ஒரு பால்பாயிண்ட் பேனா செருகியிருக்கும். புதுக் காலத்து விவசாயி என்று காட்ட வேண்டும் என்று மற்றவர்கள் சொன்ன யோசனை அது. எனக்கு அது அங்கே ஒட்டவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் உருவப்படம் போட்டுக்கொடுத்தேன். உன் தாத்தாவை ஒரு தடவைகூட வரையவில்லை. களத்துமேட்டில் அவர் நின்றதெல்லாம் கண்ணிலேயே இருக்கிறது, வரைய வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இப்போது நெஞ்சு அடைக்கிறது.

அதனால் உனக்கு இரண்டு வேலை. அந்தக் கிராமத்தில் அடுப்படியில் வேலை செய்கிற பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அனுமதி கேட்டு அவர்கள் கையை மட்டும் பக்கத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. கேட்காமல் எடுக்காதே. ‘அப்பா’ ஓவியம் பெய்ஜிங்கில் தேசியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காட்சிக்கு வைக்கிற நாளாகப் பார்த்துப் போய், அதற்கு எதிரில் கொஞ்ச நேரம் நில். உன் தலை அந்த முகத்தில் எதுவரை வருகிறது என்று எனக்குச் சொல்.

ஏழடிக்கு ஐந்தடி கான்வாஸ் இழுத்து அடித்துத் திண்ணையில் சாய்த்துவைத்திருக்கிறேன். கரிக்கோட்டில் தலைப்பாகையும் நெற்றியும் வந்துவிட்டன. தாத்தா காதில் எப்போதும் பாதி பீடி செருகியிருப்பார். அது இடது காதா, வலது காதா என்று எனக்கும் அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை. அவர் தோளில் உட்கார்ந்து வயல் வயலாகச் சுற்றியவள் நீதான். எந்தக் காது என்று எழுது கண்ணு.

அன்புடன்,
அப்பா