பாலையூற்றில் பெட்டி பிரித்துத் தந்த அண்ணைக்கு நன்றி

கனடாவில் இருக்கிற அக்கா அனுப்பிய சாமான்கள் ஒருவழியாகக் கொழும்புத் துறைமுகத்தைத் தாண்டி திருகோணமலைக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்கள் ஆளுயர மரப்பெட்டியைப் படலையடியில் இறக்கிவிட்டு, "எங்கட வேலை இவ்வளவுதான்" என்று போய்விட்டார்கள். மழை வரப் பார்க்குது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

றோட்டால் போன நீங்கள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஓரங்கட்டினீர்கள். யாரும் கூப்பிடவில்லை. அலவாங்கோடு வந்தாலும் உடனே கைவைக்கவில்லை. பெட்டியைச் சுற்றிவந்து அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்தீர்கள். ஆணிக்குப் பக்கத்தில் பலகைத் துண்டொன்றை அணை கொடுத்து நெம்பினீர்கள், ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றம் என்று, பிடுங்கிய ஆணிகளைப் பால்மா ரின்னுக்குள் போட்டீர்கள். அதை யார் செய்வார்கள்!

பிறகு பலகையில் இருந்த முத்திரையைக் காட்டி, "எச்.டி. (HT) எண்டால் சூடு காட்டின மரம். எம்.பி. (MB) எண்டு கிடந்தால் மருந்துப் புகை அடிச்சது, அடுப்பில வைக்காதேங்கோ" என்றீர்கள். தேடிப் பார்த்தேன், சரிதான். பூச்சிகள் நாடு தாண்டாமல் இருக்க, மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்குவார்களாம்.

தையல் மெஷின் கீறல்கூட இல்லாமல் உள்ளே வந்துவிட்டது. காசு நீட்டினால் வாங்கவில்லை. தேத்தண்ணியையும் நின்றபடியே குடித்தீர்கள். மிச்சம் நன்றி அண்ணை. அம்மா உங்களுக்கென்று ஒரு போர்வை எடுத்து வைத்திருக்கிறா. இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வாங்கிக்கொண்டு போங்கோ.