படங்கு பிடித்து நின்ற அக்காமாருக்கு

அப்புத்தளை மலை மரதனில் ஞாயிற்றுக்கிழமை ஓடியவர்கள் மழையிலும் குளிர்காற்றிலும் மாட்டிக்கொண்டதும், கொழுந்து எடுக்கும் அக்காமார் என்னைக் காப்பாற்றியதும் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். போன் எடுத்து அழுதவர்களும் இருக்கிறீர்கள். அதனால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் சுகமாக இருக்கிறேன். விரல் நுனிகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் மரத்த உணர்வு இருக்கிறது. அது நாளடைவில் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தட்டச்சு செய்ய முடிகிறது, அதனால் இன்றைக்கே எழுதுகிறேன். நாள் போனால் இந்தச் சூடு ஆறிவிடும், பிறகு மரியாதையான நாலு வசனத்தோடு முடிந்துவிடும் என்ற பயம்.

அக்கா, இந்த மடல் முதலில் உங்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொன்னீர்கள், போடவில்லை. தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. உங்கள் மகள் போனில் வாசித்துக் காட்டுவாள் என்றீர்கள். அவள் வாசிக்கும்போது இது உங்களைப் பற்றித்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

லிப்டன் சீட்டிலிருந்து இறங்கத் தொடங்கியபோதே எனக்குக் கை விறைத்துவிட்டது. அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்துச் சமதரையில், வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க ஓடிப் பழகிய உடம்பு என்னுடையது. மழை மட்டும் என்றால் தாங்கியிருக்கும். நனைந்த உடம்பின் மேல் அந்த மலைமுகட்டுக் காற்று விடாமல் அடித்ததுதான் ஆளை விழுத்தியது. போட்டிருந்த மழைச்சட்டைக்குள்ளும் தண்ணீர் ஊறிவிட்டது. தார் வீதி, கல் வீதி, யூகலிப்டஸ் தோப்பு என்று மாறி மாறி வந்த பாதை, தேயிலைக்கு நடுவே வந்தபோது வெறும் சிவப்புச் சேறாகிவிட்டிருந்தது. மூடுபனியில் முன்னால் ஓடியவரின் முதுகுகூடத் தெரியவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பதைப் பிறகு வைத்தியர் விளக்கினார். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது முதலில் நடுக்கம் வரும், கை சொல்வழி கேட்காது, வாய் குழறும், புத்தி மந்தமாகும். புத்தி மந்தமானவருக்குத் தன் புத்தி மந்தமானது தெரியாது.

நான் கான் (வடிகால்) ஓரமாகத் தேயிலைச் செடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். "என்னா புள்ள, ஒதடெல்லாம் நீலமா போச்சு" என்று ஒரு குரல் கேட்டது. பதில் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். "வாயி கொழறுது, எந்திரி, ஒக்காரக் கூடாது" என்று நீங்கள் சொன்னதும்தான் நான் எதுவும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று விளங்கியது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும்.

"மொதல்ல ஈரத்தக் கழட்டணும்" என்றீர்கள். நடு மலையில், எந்த மறைப்பும் இல்லாத இடத்தில் எப்படிக் கழற்றுவது என்று நான் தயங்கி நின்றேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை, நிரைக்குத் திரும்பி ஒரு குரல் கொடுத்தீர்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மூன்று அக்காமார் வந்தார்கள். நனையாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த தடித்த விரிப்பான படங்கை அவிழ்த்தார்கள். என்னைச் சுற்றி மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. படங்கு இல்லாமல் அவர்களுடைய சேலையும் சட்டையும் என் கண்முன்னே நனைந்துகொண்டிருந்தன. காற்றுக்குப் படங்கு படபடவென்று அடித்துக்கொண்டது, அவர்கள் கை இறங்கவில்லை.

என் விரலால் ஒரு சிப்பைக்கூட இழுக்க முடியவில்லை. சின்னப்பிள்ளைக்குச் செய்வதுபோல நீங்கள்தான் எல்லாவற்றையும் கழற்றினீர்கள். தலையில் கட்டியிருந்த துணியின் உள்மடிப்பு கொஞ்சம் காய்ந்திருந்தது, அதனால் முதுகையும் கழுத்தையும் துடைத்தீர்கள். பிறகு உங்கள் படங்கை விலக்கி, உள்ளே நீங்கள் போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டீர்கள்.

உங்களுடைய உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது அக்கா. அந்த நேரத்தில் வேறு எந்தக் காய்ந்த உடுப்பு கிடைத்திருந்தாலும் நான் நடுங்கிக்கொண்டேதான் இருந்திருப்பேன். அந்தச் சூடு நெஞ்சுக்குள் இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாத புள்ள, அழுதா தெம்பு போயிரும்" என்றீர்கள்.

அதோடு விடவில்லை. ஓர் உரச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகி, தலையோடு முதுகும் மூடும்படி எனக்குப் போட்டுவிட்டீர்கள். கடையில் வாங்கிய என் மழைச்சட்டை செய்யாத வேலையை அந்தச் சாக்கு செய்தது. போத்தலில் வைத்திருந்த இஞ்சி போட்ட சாயத்தண்ணியை (பால் இல்லாத தேத்தண்ணியை) எடுத்து, என் கையில் தராமல் நீங்களே பிடித்துக்கொண்டு வாயில் வைத்தீர்கள். "மடமடன்னு குடிக்காத, கொஞ்சம் கொஞ்சமா." சீனி நிறைய இருந்தது. அப்புறம் ரொட்டியில் பாதி. அது உங்களுடைய பகல் சாப்பாடு என்று எனக்குத் தெரியும். காலில் ஏறியிருந்த அட்டைகளைத் தட்டிவிட்டீர்கள். சப்பாத்து லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் "நட" என்றீர்கள்.

ஈரத்தைக் கழற்ற வேண்டும், காய்ந்ததைப் போட வேண்டும், காற்றை மறிக்க வேண்டும், இனிப்பான சூட்டுத் தண்ணீரை மெதுவாகக் கொடுக்க வேண்டும், உட்கார விடக் கூடாது. முடிவிடத்தில் இருந்த வைத்தியரிடம் இதை வரிசையாகச் சொன்னபோது, நானும் இதைத்தான் செய்திருப்பேன், இதைவிட வேறில்லை என்றார். ஆகவே, உங்களிடம் கண்டதை வெறும் இரக்கம் என்று எழுத எனக்கு மனம் இல்லை. இரக்கம் நிறையவே இருந்தது. அதற்கு மேல், வருடக்கணக்காக அந்த மழைக்குள் நின்று கற்ற அறிவு இருந்தது. இரக்கப்பட்ட ஒருவர் என்னைச் சும்மா உட்கார வைத்து ஒரு குடையைப் பிடித்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சுவெட்டரைத் திருப்பித் தர முயன்றேன். "கை ஓடிக்கிட்டே இருக்குறவளுக்கு குளிராது, நீ போட்டுக்க" என்றீர்கள். அது உண்மையில்லை என்று நம் இருவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் எல்லோரும் கைக்காசுக்கு வந்திருந்தீர்கள். எடுக்கிற கிலோவுக்குத்தான் காசு. மழைக்கொழுந்து என்றால் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிவும் போகும். "தீவாளி வருதே, புள்ளைங்களுக்கு துணி எடுக்கணும்" என்று அந்த மூன்று பேரில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்காகச் செலவான முக்கால் மணித்தியாலத்தில் எத்தனை கிலோ போனது என்பதை நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே என்னுடன் பெரிய வீதி வரை வந்தீர்கள். ஓட்டத்துக்கு நாடா கட்டியிருந்த பாதை கீழ்ப்பக்கமாகப் போனது. "அது வேணாம், இந்த மழைக்கு அந்தக் கானுல தண்ணி ஏறிரும்" என்று மேலே உள்ள குறுக்கால் கூட்டிப்போனீர்கள். கீழே தண்ணீரின் இரைச்சல் கேட்டது. பிறகு அந்தக் கீழ்ப்பாதையால் வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் மழையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது ஒரு நாள் மழை. விரும்பிப் பெயர் கொடுத்து, காசு கட்டி, இலக்கம் குத்திக்கொண்டு போய் நின்ற மழை. உங்களுக்கு ஐப்பசி முழுக்க அதே மழைதான், மலையிலும் நனைந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பினால் கூரையிலும் அதே சத்தம். அப்புத்தளை இருக்கும் அதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தவர்கள் திரும்பி வந்து வீடு இருந்த இடத்தில் மண்ணைப் பார்த்தார்கள். அன்று நாங்கள் வடக்கில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வருந்தினோம். பிறகு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் பதுளை, நுவரெலியா பெயர்கள் வரும்போதெல்லாம் அது யாருடைய இரவு என்று நான் இதுவரை நினைத்ததில்லை. நடந்துகொண்டே நான் உங்களிடம் கேட்டேன், இப்படி மழை பெய்தால் ராத்திரி பயமாக இருக்காதா என்று. "பின்னால உள்ள மலைய பாத்துக்கிட்டுதான் படுப்போம்" என்றீர்கள். அதைச் சொல்லும்போதும் உங்கள் நடை குறையவில்லை.

இனி மற்றவர்களுக்கு. எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்வதை மன்னிக்க முடியாது என்றால் தனித்தனியே வந்து சொல்கிறேன். பெரிய வீதியில் என்னைப் பொறுப்பெடுத்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் குடையை நீட்டிய கங்காணி ஐயாவுக்கு நன்றி. காசு வாங்க மறுத்து அப்புத்தளைக்கும் மலைக்குமாகப் பத்துத் தடவையாவது ஏறி இறங்கியிருக்கக்கூடிய ஓட்டோக்காரத் தம்பிமாருக்கு நன்றி. இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையத்தில் சேறும் தண்ணீருமாக வந்த எல்லோரையும் உள்ளே எடுத்து, சிங்களத்தில் ஏசி ஏசியே சூட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்த அந்தப் பெரியவருக்கு நன்றி. கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டுப் பாயும் போர்வையும் கொண்டுவந்து குவித்த ஊராருக்கு, தன் வெள்ளித்தாள் போர்வையை இரண்டாகக் கிழித்துத் தெரியாத ஒருவருக்குப் பாதி கொடுத்த கண்டிப் பையனுக்கு, கடைசி ஆள் வரும்வரை மூடுபனிக்குள் விசில் ஊதிக்கொண்டு நின்ற தொண்டர் பிள்ளைகளுக்கு, முதலுதவிக் குழுவினருக்கு, வைத்தியருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து இரவோடு இரவாக வெளிக்கிட்டு வந்த என் அண்ணாவுக்கும் மச்சாளுக்கும். எல்லோருக்கும் நன்றி.

ஓட்டத்தை ஒழுங்கு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், கோபத்தோடு இல்லை, மனதாரக் கேட்கிறேன். அடுத்த வருடம் பாதையைக் குறிக்கும் முன்பு அந்த மலைகளில் வேலை செய்யும் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்தக் கான் நிரம்பும், எந்தக் குறுக்கு வழுக்கும், எந்த முடக்கில் காற்று அடிக்கும் என்று எந்த வரைபடமும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். தேயிலை மலைக்குள் வரும் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இரண்டு பேரையாவது நிறுத்துங்கள். தொண்டு என்று கேட்காதீர்கள். அன்றைய கைக்காசுக்குக் குறையாத கூலியைக் கொடுத்து, உரிய மரியாதையோடு கேளுங்கள். அந்தச் செலவில் என் பங்கை நான் தருகிறேன். கூட ஓடும் நண்பர்கள் சிலரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 42 கிலோமீற்றரையும் நான் முடிக்கவில்லை, அடுத்த வருடம் முடிக்க வருவேன். அப்போது அந்தத் தரிப்பிடங்களில் இந்த அக்காமார் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

அக்கா, சுவெட்டரை மச்சாள் கையால் கழுவி, வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறா. முழங்கையில் இருந்த கிழிசலை நான் தைத்தேன். விரல் ஒத்துழைக்காததால் தையல் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உங்களுக்கும் மற்ற மூன்று பேருக்கும் புதிதாக ஒவ்வொரு சுவெட்டரும், மகளுக்குத் தீபாவளிச் சட்டையும் வாங்கியிருக்கிறேன். மகளின் அளவு தெரியாமல் என் மருமகளின் அளவுக்கு எடுத்தேன், பொருந்தாவிட்டால் பண்டாரவளையில் மாற்றிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். அன்றைக்கும் கைக்காசு இருந்தால் வேலையை விட்டுவிட்டு லயத்தில் காத்திருக்க வேண்டாம். எந்த மலையில் நிற்கிறீர்கள் என்று மகளிடம் சொல்லி ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். நான் அங்கே ஏறி வருகிறேன்.