ஒரு பல்புக்கு ஒரு சோக் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளி கபடி, மின்னொளி கைப்பந்து நடக்கும். அதற்கு லைட் கட்டுகிறவர்கள் சிலர், வெளிச்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று, 400 வாட் மெட்டல் ஹாலைடு பல்பு (மைதானங்களில் போடும் பெரிய பல்பு) ஒன்றுக்கு, கரண்டைக் கட்டுப்படுத்தும் சோக்குகள் இரண்டைப் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாகச் சேர்த்து எரியவிடுகிறார்கள். தெருவிளக்குகள் எல்இடிக்கு மாறிய பிறகு கழற்றிப்போட்ட சோடியம் விளக்குச் சோக்குகள் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பதும் இதற்கு வசதியாகிவிட்டது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சோக் வெளிச்சம் தருகிற பொருள் இல்லை. இந்தப் பல்புக்குள் ஒருமுறை ஆர்க் (வெளிச்சம் தரும் மின்பொறி) பிடித்துவிட்டால் அது தன்னால் ஓர் அளவில் நிற்காது, எவ்வளவு கரண்ட் கிடைத்தாலும் இழுத்துக்கொண்டே போகும், அந்தக் கரண்டை ஓர் அளவில் பிடித்து நிறுத்துவது சோக் மட்டும்தான். சாதாரண 400 வாட் ஹாலைடு பல்புக்குச் சுமார் 3.25 ஆம்பியர் போக வேண்டும். பக்கத்தில் இன்னொரு சோக்கைச் சேர்த்தால் தொட்டிக்கு இரண்டாவது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, 6 ஆம்பியரைத் தாண்டிவிடும். அந்த இரண்டாவது சோக் 400 வாட் சோடியம் விளக்கினுடையது என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அது தனியாகவே 4.6 ஆம்பியர் விடக்கூடியது. பல்பில் நிற்கும் வோல்டேஜ் பெரிதாக மாறாது, ஆகவே வாட் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாய் ஒழுங்காக எரியும்போதே 900 டிகிரி அளவுக்குச் சூடாக, பல மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஏற்றினால் குவார்ட்ஸ் இளகி உப்பும், ஒரு கட்டத்தில் வெடிக்கும். வெடித்தால் அந்தச் சூட்டோடு துண்டுகள் பல்பின் வெளிக்கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு கீழே வரும். கீழே கீற்றுப் பந்தல், துணி, தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். வெளிச்சம் குறைகிறது என்று, பல்பை மாட்டும் ஃபிட்டிங்கின் முன்கண்ணாடியையும் கழற்றிவிடுகிறார்களே, அப்போது தடுக்க ஒன்றுமே இல்லை. உள்ளே இருக்கிற பாதரசம் வேறு.

வெளிக்கண்ணாடி மட்டும் உடைந்து உள்குழாய் தொடர்ந்து எரிந்தால் அதுவும் ஆபத்துதான். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த வெளிக்கண்ணாடி. அது இல்லாமல் அடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், முகத்தோல் சிவக்கும். வெல்டிங் கண்ணாடி போடாமல் வேலை செய்தவருக்கு வருவது இதேதான், ஆனால் பார்வையாளர்கள் மைதானத்துத் தூசி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சரி, வெளிச்சம் பத்தவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் வோல்டேஜ் பாருங்கள். லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில் ராத்திரி 200 வோல்ட்கூட நிற்காது, அந்த வோல்டேஜில் எந்தப் பல்பும் மங்கலாகத்தான் எரியும். நிறைய சோக்குகளில் 220, 230, 240 என்று தனித்தனி முனைகள் உண்டு, வோல்டேஜுக்கு ஏற்ற முனைக்கு வயரை மாற்றிக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். ரிஃப்ளெக்டரைத் துடையுங்கள். பல வருடம் ஓடிய பல்பு என்றால் மாற்றுங்கள், அதன் வெளிச்சம் எப்போதோ குறைந்துவிட்டிருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் இன்னொரு கம்பம் நட்டு இன்னொரு பல்பு போடுங்கள். செலவுதான், ஆனால் நிழல் விழாது, ஆடுகிறவர்களுக்கும் நல்லது. கண்ணுக்கு, வாட் இரட்டிப்பானால் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரிவதும் இல்லை.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள் லைட் பேசும்போதே ஒரு பல்புக்கு எத்தனை சோக், முன்கண்ணாடி இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். போட்டிக்கு அனுமதி தரும் காவல்துறையும், லைட் கட்டியதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் எலக்ட்ரீஷியன், புதுக்கோட்டை மாவட்டம்