கதவு பொருந்திவிட்டது, எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாகக் கழற்றிப் போட்டிருந்த கார் கதவை நேற்று மாட்டினோம், சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக நிற்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இது என் ஒருவனால் ஆன வேலை இல்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி டிங்கரிங் மாஸ்டருக்கு. கதவின் அடியில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது, தேய்த்துவிட்டுப் பள்ளம் நிரப்பும் பட்டி பூசினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தீர்கள், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் அது பிடிப்பு விட்டுத் தரையில் விழுந்தது. அங்கே தகடே இல்லை, யாரோ எப்போதோ அப்பிய பட்டிதான் இருந்தது. சுரண்டினால் உள்ளே முழுக்கத் துரு. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் மண்ணடைத்துப் போய் வருஷக்கணக்கில் ஈரம் தேங்கியிருக்கிறது. "நல்ல தகடு தெரியுற வரைக்கும் வெட்டு" என்றீர்கள். அதைச் சொல்ல நீங்கள் இல்லாவிட்டால் நானும் மேலே பட்டி பூசி மூடியிருப்பேன்.

வெட்டிய இடத்தில் புதுத் தகடு பற்றவைக்க மிக் வெல்டிங் மெஷின் கொடுத்த நண்பா, மெஷினைக் கொடுத்ததோடு போகாமல் கூடவே உட்கார்ந்தாய். 0.9 மில்லிமீட்டர் தகட்டில் ஒரே இழுப்பாக ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும், இங்கே ஒரு பொட்டு, அடுத்தது அந்தக் கோடியில், கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு மூன்றாவது என்று, வேண்டாத தகட்டில் என்னை ஒரு நாள் முழுக்கப் பழக வைத்தாய். அப்படியும் ஓரிடத்தில் அவசரப்பட்டுவிட்டேன், விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வந்தது. மாஸ்டர்தான் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்து, பற்றவைத்த கோட்டின் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி அதை அடக்கினார். அந்தச் சத்தம் மாறுவதைக் காதாலேயே கேட்க முடிந்தது.

தங்கச்சி, பொறி பறந்த ஒவ்வொரு தடவையும் தீயணைப்பானோடு பக்கத்திலேயே நின்றாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை சனிக்கிழமைச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். மனமார்ந்த நன்றி.

துளைகளைத் திறந்து மறுபடி துருப்பிடிக்காமலிருக்க உள்ளே மெழுகும் அடித்தாயிற்று. பட்டி இப்போதும் உண்டு, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மாஸ்டர், உங்கள் காந்தம் என்னிடம்தான் இருக்கிறது, வந்து நீங்களே ஒரு தடவை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள்.